ஆங்கிலத்தின் மிகச் சிறிய சொற்கள் எவை? அவற்றைத் தனியாகப் படிக்க வேண்டுமா?

அன்றாட ஆங்கிலத்தில் ஒற்றை எழுத்தே சொல்லாக நிற்பது இரண்டுதான்: 'ஏ', 'ஐ'. பழைய கவிதைகளிலும் செபங்களிலும் விளிப்பதற்கு 'ஓ' வரும். அதையும் சேர்த்தால் மூன்று. நன்னூல் தமிழில் ஓரெழுத்து ஒருமொழி 42 என்று கணக்குச் சொல்கிறது. இந்த ஒரு விடயத்திலாவது நாம் பணக்காரர்கள்.

தனியாகப் படிக்க வேண்டுமா என்றால், கட்டாயம் படிக்க வேண்டும். கிளிநொச்சிப் பக்கம் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். பத்துப் பன்னிரண்டு எழுத்துச் சொல்லைப் பிசகில்லாமல் எழுதும் பிள்ளை, அதற்கு முன்னால் நிற்க வேண்டிய ஈரெழுத்துச் சொல்லில் பரீட்சைப் புள்ளியை விட்டுவிடுகிறது. நீளமான சொல்லைப் பாடமாக்கலாம். சிறியதைப் பாடமாக்கிப் பயனில்லை, அது இடத்துக்கு இடம் மாறும்.

'ஏ', 'அன்' இரண்டையும் நான் தமிழை வைத்தே சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு மாடு, ஓர் ஆடு என்று எழுதுகிறோம் அல்லவா, அதே வேலைதான். ஆனால் அங்கே எழுத்தைப் பார்க்கக் கூடாது, ஒலியைக் கேட்க வேண்டும். அதனால்தான் ஒரு மணித்தியாலத்துக்கு 'அன் அவர்', ஒரு பல்கலைக்கழகத்துக்கு 'ஏ யுனிவர்சிட்டி'. பிறப்பில் மூத்தது 'அன்'. 'ஒன்று' என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல் தேய்ந்து அதுவானது. பின்னர் மெய்யொலிக்கு முன்னால் அதன் கடைசி எழுத்தும் உதிர்ந்து 'ஏ' மிஞ்சியது. இந்த உதிர்வில் வேடிக்கைகளும் நடந்தன. நம் புடையனுக்கு உறவான ஒரு பாம்பை அவர்கள் முன்பு 'நாடர்' என்ற மாதிரி அழைத்தார்கள். 'ஏ நாடர்' என்பதைக் காது 'அன் ஆடர்' என்று பிரித்துவிட்டது. இன்றுவரை அந்தப் பாம்புக்கு முதலெழுத்துத் திரும்பக் கிடைக்கவில்லை.

பிள்ளைகளுக்கு உண்மையான தலையிடி 'இன்', 'ஒன்', 'அட்' மூன்றும்தான். 'மாங்குளம் சந்தியில் நின்றேன், பஸ்ஸில் ஏறினேன், கிளிநொச்சியில் இறங்கினேன்' என்பதில் மூன்று இடத்திலும் நமக்கு ஒரே 'இல்' போதும். ஆங்கிலக்காரருக்குச் சந்தி ஒரு புள்ளி, ஆகவே 'அட்', பஸ்ஸுக்கு 'ஒன்', ஊருக்கு எல்லை உண்டு, அதற்கு 'இன்'. அப்படியானால் காரில் ஏறினால் ஏன் 'ஒன்' வராது என்று வகுப்பில் ஒருவர் கேட்டே தீருவார். எழுந்து நடக்கக்கூடிய வாகனமா, மேலே குந்தியிருந்து ஓட்டுவதா, அதற்கு 'ஒன்'. உள்ளே நுழைந்து ஒடுங்கி உட்கார்ந்தால் 'இன்'. அறுவடைக் காலத்தில் இதற்குப் படமே தேவையில்லை, வீதியில் போகிற உழவு இயந்திரத்தைக் காட்டிவிடலாம்: ஓட்டுபவர் 'ஒன்', பின்பெட்டியில் கிடக்கிற நெல் மூட்டைகள் 'இன்'. மூட்டைக்கு மேலே ஏறியிருக்கும் பெடியனுக்கு என்ன என்று அடுத்த கேள்வி வரும். அவன் மூட்டைகளுக்கு 'ஒன்', பெட்டிக்கு 'இன்'. இரண்டும் சரிதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இலக்கணத்துக்கு மட்டும் பயன்படும் சொல்லை ஆங்கிலம் இரண்டு எழுத்தோடு விட்டுவிடும். பொருளுள்ள சொல்லுக்குப் பெரும்பாலும் மூன்றாவது எழுத்து ஒன்றைக் கொடுக்கும். முட்டைக்கு இரண்டு 'ஜி', கூட்டலுக்கு இரண்டு 'டி', தேனீக்கு இரண்டு 'ஈ' வந்ததெல்லாம் இந்தப் போக்கால்தான். 'கோ', 'டூ', எருதைக் குறிக்கும் 'ஒக்ஸ்' போன்றவை அடங்காத சில.

எழுத்துகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் விளையாட்டை ஆடுபவர்களின் ஈரெழுத்துச் சொற்பட்டியல் வேறு உலகம். சீனரின் உயிர்மூச்சைக் குறிக்கும் 'சீ' என்ற சொல்லைக் 'க்யூ', 'ஐ' என்ற இரண்டே எழுத்தில் வைத்தால் 11 புள்ளி கிடைக்கும். பரீட்சைக்கு அது வராது. பரீட்சை நோக்கம் என்றால் ஆங்கிலப் பத்திரிகைச் செய்தி ஒன்றை எடுத்து, சிறிய சொற்களை மட்டும் மறைத்துவிட்டு நிரப்பிப் பாருங்கள். அகராதி வேண்டாம்.