ஆட்டு ஈரலில் நீர்க்கட்டி: எங்களுக்கும் தொற்றுமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் என் கணவர் ஆட்டிறைச்சிக் கடை நடத்துகிறார். சென்ற வாரம் வீட்டுக்குக் கொண்டுவந்த ஈரலில் நுங்கு போன்ற ஒரு நீர்க்கட்டி இருந்தது. அதை வெட்டிக் கடைக்குப் பின்னால் படுத்திருக்கும் நாய்க்குப் போட்டுவிட்டு, மீதியைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டோம். எங்கள் 7 வயது மகன் அந்த நாயோடுதான் விளையாடுவான். நாங்கள் எல்லோரும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா?

மருத்துவர் பதில்: சமைத்த ஈரலால் உங்களுக்கு இந்த நீர்க்கட்டி நோய் வராது. நாய்க்குப் போட்ட துண்டுதான் எனக்குக் கவலை தருகிறது.

நீங்கள் பார்த்த கட்டி ஈரலின் சதைக்குள் புதைந்து, தடித்த வெண்ணிறச் சுவரோடு இருந்தது என்றால் அது ஹைடாடிட் கட்டியாக இருக்கலாம். எக்கினோகாக்கஸ் என்னும் நாடாப்புழுவின் இளம்பருவம் அது. அதைக் கீறினால் வரும் தெளிந்த நீரின் அடியில் பொடிமணல் போன்ற ஒன்று படியும். அதில் ஒவ்வொரு துகளும் ஒரு புழுத்தலை. நாய் பச்சையாகத் தின்றால் அவை அதன் குடலில் ஒட்டிக்கொண்டு, ஏறத்தாழ 6 வாரங்களில் முட்டையிடும் புழுக்களாகிவிடும். மலத்தில் வெளியேறும் முட்டைகள் நாயின் மயிரிலும் மண்ணிலும் கீரையிலும் ஒட்டியிருந்து, ஆட்டின் வயிற்றுக்குப் போனால் ஆட்டுக்கும், குழந்தையின் வாய்க்குப் போனால் குழந்தைக்கும் கட்டியை உண்டாக்குகின்றன. கறியே தொடாத குடும்பங்களிலும் இந்நோய் வருவதற்கு இதுவே காரணம்.

ஈரலின் மேலோ கொழுப்புச் சவ்விலோ மெல்லிய பையாகத் தொங்கியிருந்தால் அது வேறொரு நாடாப்புழுவுடையதாக இருக்கலாம். அது மனிதரைத் தொற்றாது. ஆயினும் அதுவும் நாய் வழியாகவே ஆட்டுக்கு வருவதால், எந்தக் கட்டியையும் நாய்க்குப் போடக்கூடாது.

அந்தத் துண்டு நாயின் வயிற்றுக்குப் போய் ஒரு வாரமே ஆகியிருப்பதால், அதிலிருந்து முட்டைகள் வெளிவர இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் கால்நடை மருத்துவரிடம் காட்டி, பிராசிகுவாண்டெல் சேர்ந்த மருந்தைக் கொடுக்கச் செய்யுங்கள். எல்லாக் குடற்புழு மாத்திரைகளிலும் அது இருப்பதில்லை. மருந்து கொடுத்த பின் இரண்டு மூன்று நாள்களுக்கு நாயின் மலத்தைக் கையுறை அணிந்து அள்ளி ஆழப் புதையுங்கள். இது அந்த நாய் தின்ற முதல் துண்டாக இராது, முன்பு தின்றவற்றால் முட்டைகள் ஏற்கெனவே வெளிவந்துகொண்டிருக்கலாம் என்றே நினைக்கிறேன். ஆகவே மருந்து முடியும்வரை மகனை நாயிடமிருந்து விலக்கி வையுங்கள், அதன்பின்னும் தொட்டு விளையாடியதும் சோப்பால் கை கழுவப் பழக்குங்கள். கடைக்கழிவை நாய்க்குப் போட்டே தீரவேண்டும் என்றால், அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்கவைத்த பிறகு போடட்டும்.

எல்லோருக்கும் இரத்தப் பரிசோதனை தேவையில்லை. கட்டி இருந்தும் அது இல்லை என்று காட்டுவதுண்டு. மனித உடலில் பெரும்பாலும் ஈரலிலும், அடுத்து நுரையீரலிலும் உருவாகும் இக்கட்டி ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி வளர்வது. நேற்று விழுங்கிய முட்டை இன்றைய ஸ்கேனில் தெரியாது. பல ஆண்டுகளாகக் கடைப்பக்க நாய்களுக்கிடையே வேலை செய்யும் உங்கள் கணவருக்கு மட்டும் ஒரு வயிற்று ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது. வலது விலாவின் கீழ் கனமோ வலியோ நீடித்தால் மற்றவர்களும் எடுக்கலாம். ஸ்கேனில் நீர்க்கட்டி தெரிந்தால், ஹைடாடிட்டாக இருக்கலாம் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தெரியாமல் ஊசி குத்தினால் அந்த நீர் வயிற்றுக்குள் கசிந்து, உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும். அல்பெண்டசோல் என்னும் குடற்புழு மருந்தையும் நீங்களாகவே வாங்கி விழுங்க வேண்டாம். இந்நோய்க்கு அதை மாதக்கணக்கில், கல்லீரல் செயல்பாட்டையும் இரத்த அணுக்களையும் கண்காணித்துக்கொண்டே கொடுக்க வேண்டியிருக்கும்.