இன்னும் ரெண்டாம் கட்டுக்கே போகல

அண்ணே, வணக்கம்.

காரைக்குடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் நாங்கள் ஐந்து பேர் கூடி டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) என்கிற கதை ஆட்டம் ஆடுகிறோம், அதன் ஐந்தாம் எடிஷன். நான்தான் டிஎம், கதையை நடத்துகிறவன். கதை என் சொந்தக் கதை. கானாடுகாத்தானில் பூட்டிக் கிடக்கிற ஒரு பெரிய வீடு, பர்மாவிலிருந்து வந்த ஒரு இரும்புப் பெட்டி, அதைக் காக்கிற ஏதோ ஒன்று. வீட்டின் வரைபடத்தையும் இணைத்திருக்கிறேன். சிக்கல் என்னவென்றால், இரண்டு பேருக்கு முகப்பிலேயே உட்கார்ந்து வாட்ச்மேன் தாத்தாவோடு பேசிக்கொண்டிருக்கத்தான் பிடிக்கிறது. போன வாரம் மூன்று மணி நேரமும் அதிலேயே போய்விட்டது. இன்னொருவன் கடுப்பாகி, "இன்னும் ரெண்டாம் கட்டுக்கே போகலடா, நான் வாளை எடுத்து ஒரு மாசமாச்சு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனான். நிதானமான ஆட்டம்தான் நம் ஊருக்குப் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது, நம்மவர்களுக்கு அவசரம் பிடிக்காது. ஆனால் அவனை விடவும் மனசில்லை. வேகத்தை எப்படி முடிவு செய்வது?

ஒரு வாசகர், காரைக்குடி

தம்பி,

அந்த "நம்மவர்களுக்கு அவசரம் பிடிக்காது" என்பதை முதலில் எடுத்துவிடுங்கள். காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ் திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறவர்களைப் பார்த்த பிறகுமா இப்படி எழுதுகிறீர்கள்?

ஆட்டம் தெரியாத மற்ற வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. டி அண்ட் டி 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் அமெரிக்காவில் கொண்டுவந்தது. ஒருவர் கதையை நடத்துவார், அவர்தான் டிஎம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள், நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை உருளும்.

சரி, உங்கள் நண்பர் கேட்பது வேகம்தானா? ஐந்தாம் எடிஷனில் சண்டையின் ஒரு ரவுண்டு ஆறு வினாடி. நாலு ரவுண்டில் முடிகிற சண்டை கதைக்குள் 24 வினாடிதான், ஆனால் மேஜையில் அதற்கு ஒரு மணி நேரம் போவது சர்வசாதாரணம். வாட்ச்மேனோடு பேசினால் கதையிலும் மூன்று மணி, சுவர்க் கடிகாரத்திலும் மூன்று மணி. அதாவது கதை கிட்டத்தட்ட நின்றே போகிற இடத்தைத்தான் அவர் வேண்டும் என்கிறார். மெதுவாகப் போனதற்காக அவர் எழுந்து போகவில்லை. மூன்று மணி நேரமும் அவருக்குச் செய்ய ஒன்றுமில்லை, அதற்குத்தான் போனார். நாளைக்கே பெரிய சண்டை ஒன்றை வைத்துப் பாருங்கள், அந்தப் பேச்சுப் பிரியர்கள் இரண்டு பேரும் போனை நோண்ட ஆரம்பிப்பார்கள். அதனால் அடுத்த முறை காட்சி இழுக்கிறதா என்று யோசிப்பதற்கு முன்னால், யார் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள்.

வேகத்தை நீங்கள் முடிவு செய்ய வேண்டியதும் இல்லை. 1981-ல் வந்த டி அண்ட் டி பேசிக் விதிகளில் இதற்கு நல்ல ஏற்பாடு இருந்தது. பாதாளத்துக்குள் நடமாடும் நேரத்தைப் பத்துப் பத்து நிமிஷமாக வெட்டி, ஒவ்வொன்றையும் ஒரு டர்ன் என்றார்கள். ஒரு தீப்பந்தம் ஆறு டர்னுக்கு எரியும். இரண்டு டர்னுக்கு ஒரு தடவை டிஎம் ஆறுமுகப் பகடையை உருட்டுவார், ஒன்று விழுந்தால் திரிகிற பூதம் ஏதாவது வந்து நிற்கும். ஒவ்வொரு சுவராகத் தட்டிப் பார்க்க வேண்டுமா, தாராளமாகத் தட்டலாம், ஆனால் வெளிச்சம் குறைந்துகொண்டே வரும். டிஎம் யாரையும் அதட்ட வேண்டியதில்லை, ஆடுகிறவர்களே "போதும் வா, போகலாம்" என்பார்கள். ஐந்தாம் எடிஷனில் இந்தக் கட்டாயம் இல்லை, முகப்பில் எத்தனை நேரம் உட்கார்ந்தாலும் யாருக்கும் எதுவும் குறையாது, அப்புறம் ஏன் எழுந்திருக்கப் போகிறார்கள்?

உங்கள் கதைக்கு பூதம்கூட வேண்டாம். ஒரு தாளில் வட்டம் போட்டு ஆறு துண்டாகப் பிரித்து, எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி மேஜை நடுவில் வையுங்கள், தலைப்பு "பங்காளிகள் வந்துகொண்டிருக்கிறார்கள்". அரை மணி நேரம் பேச்சில் போனால் ஒரு துண்டைக் கறுப்பாக்குங்கள், சத்தம் கேட்கிற மாதிரி பூட்டை உடைத்தால் இரண்டு. வட்டம் நிறைந்தால் சாவியோடு கார் வாசலில் வந்து நிற்கும். பிளேட்ஸ் இன் த டார்க் என்ற ஆட்டத்தில் ஜான் ஹார்ப்பர் இதைக் கடிகாரம் என்ற பெயரில் அழகாகப் பயன்படுத்தியிருக்கிறார், எந்த ஆட்டத்துக்கும் ஒட்டும்.

வாட்ச்மேன் தாத்தாவை மட்டும் வெட்டிவிடாதீர்கள். நீங்கள் எழுதியதிலேயே உயிரோடு இருப்பவர் அவர்தான். ஆனால் பேச்சுக்கு ஒரு பலன் இருக்கட்டும், முற்றத்தைச் சுற்றிய வளவில் எந்த அறைக் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்கிறது, ராத்திரி எங்கே சத்தம் கேட்கிறது, இப்படி ஏதாவது. அது அவர் வாயிலிருந்து வந்ததும் காட்சியை முடித்துவிடலாம். அவர்கள் பேசும்போதே வாள்காரர் மாடிக்கு ஏறட்டும். இங்கே ஐந்து நிமிஷம், அங்கே ஐந்து நிமிஷம் என்று மாறி மாறிப் போங்கள், ஓட்டுக்கு அடியில் ஏதோ அசைகிற நேரம் பார்த்துத் தாத்தாவிடம் திரும்பிவிடுங்கள், யாரும் எழுந்து போக மாட்டார்கள். கயிறும் விளக்கும் வாங்குகிற பேரமெல்லாம் வார நாளில் வாட்ஸப்பில் முடியட்டும், அதற்கு ஞாயிற்றுக்கிழமை எதற்கு?

சண்டையைச் சுருக்குவது சுலபம். ஒருவர் முறை நடக்கும்போதே அடுத்தவர் பெயரைச் சொல்லிவிடுங்கள். அடிபடுமா என்கிற பகடையையும் எவ்வளவு அடி என்கிற பகடையையும் ஒன்றாக உருட்டச் சொல்லுங்கள். முடிவு தெரிந்துவிட்ட சண்டையைக் கடைசி ஆள் சாகிறவரை இழுக்காதீர்கள். பழைய விதிகளில் எதிரிக்கு மொரால் என்று ஓர் எண் இருக்கும், இரண்டு பகடை உருட்டி அதற்கு மேல் விழுந்தால் எதிரி ஓடிவிடுவான் அல்லது சரணடைவான்.

இன்னொன்று, 2014-ல் வந்த டிஎம் கையேடு, ஆடுகிறவர்களின் கூட்டம் ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு மோதல் வரை தாங்கும் என்று கணக்குப் போடுகிறது. உங்கள் கதையில் ஒரு நாளைக்கு ஒன்று வந்தாலே அதிகம், எல்லாரும் முதல் சண்டையிலேயே முழு பலத்தையும் கொட்டிவிட்டுத் தூங்கி எழுந்துவிடுவார்கள். அதே கையேட்டில் விருப்பப்பட்டால் எடுத்துக்கொள்ளும்படி ஒரு விதி இருக்கிறது. அதன்படி, இழந்த பலத்தைத் திரும்பப் பெற எடுக்கிற சின்ன ஓய்வுக்கு எட்டு மணி நேரம், பெரிய ஓய்வுக்கு ஏழு நாள். நாள்கணக்கில் நகர்கிற உங்கள் கதைக்கு இது சரியாக வரும், பங்காளிகள் வரும் கடிகாரமும் அப்போதுதான் உறைக்கும்.

வரைபடத்தையும் பார்த்தேன். சமையற்கட்டை முகப்பை ஒட்டி வைத்திருக்கிறீர்கள், இது என்ன அபார்ட்மென்ட்டா? பின்கட்டுக்குத் தள்ளுங்கள், பின்தெருக் கதவும் அங்கேதான் வர வேண்டும். உங்கள் வாள்காரர் அந்தப் பக்கமாகவே உள்ளே நுழைய ஆசைப்பட்டால் விட்டுவிடுங்கள்.