ரோபோ முதல் பாய்மரம் வரை: கப்பல் கட்டும் தொழில் பற்றி வாசகர் கேள்விகள்

கப்பல் கட்டும் தொழில் அடுத்த இருபது வருடத்தில் எப்படி மாறும் என்று கேட்டு நிறைய பேர் எழுதியிருக்கிறீர்கள். தூத்துக்குடியில் பெரிய கப்பல் கட்டும் தளங்கள் அமையப்போவதாகச் செய்தி வந்த பிறகு கேள்விகள் இன்னும் கூடிவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து, சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: சார், கொரியா ஒன்றுமே இல்லாத நிலையிலிருந்து முன்வரிசைக்கு வந்துவிட்டது என்கிறார்கள். அவர்களிடம் அப்படி என்ன தொழில்நுட்பம் இருந்தது? நமக்கு ஏன் அது அமையவில்லை? (தூத்துக்குடி)

பதில்: ஆரம்பத்தில் அவர்களிடம் தொழில்நுட்பம் எதுவும் கிடையாது. 1972இல் உல்சான் கடற்கரையில் ஹூண்டாய் தளத்தின் வேலை தொடங்கியது, அதே 1972இல் கொச்சி தளத்துக்கு இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1974இல் உல்சானில் தளமும் முடிந்திருந்தது, தளத்தைக் கட்டிக்கொண்டே கூடவே கட்டிய இரண்டு ராட்சத எண்ணெய்க் கப்பல்களும் பெயர்சூட்டு விழாவுக்குத் தயாராக நின்றன. கொச்சியின் முதல் கப்பலான ராணி பத்மினி 1981இல்தான் ஒப்படைக்கப்பட்டது. இரண்டு இடத்துக்கும் அறிவு வெளியிலிருந்துதான் வந்தது. உல்சானுக்கு ஸ்காட்லாந்தின் ஸ்காட் லித்கோ என்ற கப்பல் நிறுவனம் வரைபடம் கொடுத்தது, கொரிய இன்ஜினியர்கள் அங்கே போய்ப் பயிற்சி எடுத்தார்கள். கொச்சிக்கு ஜப்பானின் மிட்சுபிஷி உதவியது. ஆக, தொடக்கத்தில் கிடைத்த அறிவில் பெரிய வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் அதற்குப் பிறகு நடந்ததில் இருக்கிறது. 1973 எண்ணெய் நெருக்கடியில் உலகம் முழுக்க டேங்கர் சந்தை விழுந்தது, ஆர்டர் கொடுத்தவர்கள் பின்வாங்கினார்கள், ஹூண்டாய் கையில் வாங்க ஆளில்லாத கப்பல்கள் மிஞ்சின. அவற்றை வைத்து 1976இல் சொந்தமாகவே ஒரு கப்பல் போக்குவரத்து நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். இன்னொரு பக்கம் போஹாங்கில் உருக்காலை வந்துவிட்டது, எழுபதுகள் முடிவதற்குள் உல்சானிலேயே கப்பல் இன்ஜின் தயாரிக்கவும் தொடங்கினார்கள். பிளேட் என்கிற உருக்குத் தகடு, இன்ஜின், வங்கிக் கடன், வாங்குகிற நிறுவனம் எல்லாம் ஒரே திட்டத்தின் பகுதிகளாக இருந்ததால் தளத்தில் வேலை நிற்கவில்லை. வேலை நிற்காத தளத்தில்தான் கை பழகும். ஒரே வடிவக் கப்பலை ஐந்தாவது முறை கட்டும்போது முதல் கப்பலுக்குச் செலவான உழைப்பு மணிகளில் கணிசமான பங்கு மிச்சமாகிவிடும். கொச்சியில் அந்தத் தொடர்ச்சி கிடைக்கவில்லை. அங்கிருந்தவர்களின் திறமையை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன், விக்ராந்த் என்ற விமானந்தாங்கியைக் கட்டி 2022இல் கடற்படைக்குக் கொடுத்த கைகள் அவை.

புதுமை என்று பார்த்தாலும் இதே கதைதான். திரவ இயற்கை எரிவாயுவை மைனஸ் 162 டிகிரியில் ஏற்றிப்போகும் கப்பல்கள்தான் இன்று கொரியத் தளங்களின் பெருமை. ஆனால் அந்தத் தொட்டியின் மெல்லிய உலோகச் சவ்வு வடிவமைப்பு ஜிடிடி என்ற பிரெஞ்சு நிறுவனத்துடையது, கப்பலுக்குக் கப்பல் உரிமத் தொகை கட்டித்தான் கட்டுகிறார்கள். இதிலிருந்து விடுபட கேசி-1 என்று சொந்தத் தொட்டி ஒன்றை உருவாக்கி, 2018இல் இரண்டு பெரிய கப்பல்களில் அதைப் பொருத்தினார்கள். தொட்டிக்கு வெளியே இருக்கும் சுவரில் குளிர் இறங்கிவிட, அந்தக் கப்பல்கள் ஓட முடியாமல் கட்டிப்போடப்பட்டன, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. சொந்தத் தொழில்நுட்பம் வேண்டும் என்ற ஆசை சரியானதே, அதை முதலில் சின்னக் கப்பலில் சில வருடம் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

இந்திய அரசு 2025 செப்டம்பரில் இந்தத் துறைக்கு 69,725 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்திருக்கிறது. என்னைக் கேட்டால், பத்து வகைக் கப்பலுக்கு ஆளுக்கு ஒன்று என்று ஆர்டர் பிரித்துக் கொடுப்பதை விட, ஒன்றிரண்டு வகையைத் தேர்ந்தெடுத்து ஒரே தளத்துக்குத் தொடராகப் பத்துப் பதினைந்து கப்பல் கொடுப்பதுதான் நல்லது. ரோபோ, சாஃப்ட்வேர் எல்லாம் அதன் பிறகுதான் பலன் தரும்.

கேள்வி: மெத்தனால், அம்மோனியா, ஹைட்ரஜன் என்று தினம் ஒன்று சொல்கிறார்கள். கடைசியில் எது ஜெயிக்கும்?

பதில்: ஒன்று மட்டும் ஜெயிக்கும் என்று நான் நினைக்கவில்லை. இன்று ஆர்டர் கொடுக்கிற கப்பல் இருபத்தைந்து வருடம் ஓடும், அதாவது 2050ஐத் தொடும். சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2023இல் வைத்த இலக்குப்படி அதையொட்டிய காலத்தில் கப்பல்களின் நிகர உமிழ்வு பூஜ்யமாக வேண்டும். ஆனால் அதற்காக உமிழ்வுக்குக் கட்டணம் வைக்கும் விதிகளின் மேல் 2025 அக்டோபரில் எடுக்க இருந்த முடிவை ஒரு வருடம் தள்ளி வைத்துவிட்டார்கள். கப்பல் முதலாளி இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு பணம் போட வேண்டியிருக்கிறது.

மெத்தனால் சாதாரண வெப்பநிலையில் திரவமாக இருப்பதால் கையாள்வது சுலபம், ஸ்டெனா ஜெர்மானிக்கா என்ற படகுச்சேவைக் கப்பல் 2015லேயே அதற்கு மாறிவிட்டது. 2023இல் மெர்ஸ்க் நிறுவனத்தின் லாரா மெர்ஸ்க் வந்தது, அதுவும் உல்சானில் கட்டியதுதான். சிக்கல் என்னவென்றால், அதே தூரம் போக எண்ணெயைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு கொள்ளளவு உள்ள தொட்டி வேண்டும், அத்தோடு பசுமை மெத்தனால் போதுமான அளவு உற்பத்தியாகவில்லை. அம்மோனியாவில் கார்பன் கிடையாது, மைனஸ் 33 டிகிரியில் திரவமாகிவிடும், ஆனால் விஷம். இன்ஜின் அறையில் கசிந்தால் உயிர் போகும் என்பதால் குழாய், காற்றோட்டம், பணியாளர் பயிற்சி என்று எல்லாவற்றையும் புதிதாக யோசிக்க வேண்டும். ஹைட்ரஜனுக்கு மைனஸ் 253 வேண்டும். நீண்ட கடல் பயணத்துக்கு அது சரிப்படாது, ஆற்றுப் படகுக்கும் குறுகிய தூரப் படகுச்சேவைக்கும் பொருந்தும். கொச்சி தளம் கட்டிய ஹைட்ரஜன் படகை 2024 பிப்ரவரியில் பிரதமர் தூத்துக்குடியிலிருந்து தொடங்கி வைத்தது நினைவிருக்கும், அது இந்த வகைதான்.

அதனால் விவரமான தளங்கள் இரட்டை எரிபொருள் இன்ஜினும், பின்னால் தொட்டி மாற்றுவதற்கு ஒதுக்கிய இடமும் வைத்துக் கப்பலை விற்கின்றன. இது கொஞ்சம் செலவு கூடின வழிதான், இன்றைய நிலையில் எனக்கு நியாயமாகத் தெரிவதும் இதுதான்.

எரிபொருளை மாற்றாமலே செய்யக்கூடிய ஒன்றை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கப்பலுக்குத் தேவைப்படும் சக்தி, வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி ஏறும். வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் சக்தித் தேவை கால் பங்குக்கு மேல் குறையும், பயண நேரம் நீள்வதைக் கணக்கில் எடுத்தாலும் ஒரு பயணத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு எரிபொருள் மிச்சம்.

கேள்வி: அண்ணா, நான் சிங்கப்பூர் துவாஸில் ஆறு வருடமாக வெல்டர். யார்டில் ரோபோ வெல்டிங் கொண்டு வருகிறார்கள். ஊர்க் கடன் இன்னும் முடியவில்லை. எங்கள் வேலை போய்விடுமா?

பதில்: தம்பி, உங்கள் பயம் நியாயமானது, அதனால் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். தட்டையான பெரிய பேனல்களில் நேர்கோட்டு வெல்டிங்கை இயந்திரம் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது, அது திரும்பி வராது. அடுத்து, கப்பலைத் துண்டு துண்டாகக் கட்டிச் சேர்க்கும் பிளாக்குகளில், திறந்தவற்றுக்குள் ஒரு ஆள் தூக்கி வைக்கக்கூடிய சின்ன ரோபோ கை வந்துகொண்டிருக்கிறது. ஆனால் இரட்டை அடித்தளத்தின் குறுகலான அறைகள், வளைந்த முன்பகுதி, டாக்கில் இரண்டு பிளாக்குகள் சேருமிடத்தில் கேப் ஒரே சீராக இல்லாத மூட்டு, மேல்நோக்கிச் செய்யும் குழாய் வேலை எல்லாம் இன்னும் மனிதக் கையில்தான் இருக்கின்றன. கேஸ் டார்ச்சால் சூடுபடுத்தி, தண்ணீர் தெளித்து, தடித்த பிளேட்டை இரண்டு பக்கமும் வளைக்கும் மேஸ்திரிகளின் வேலையையும் இயந்திரம் முழுசாகக் கற்றுக்கொள்ளவில்லை.

வரலாறும் ஒன்று சொல்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா 2,710 லிபர்ட்டி கப்பல்களைக் கட்டியது. தகடுகளை ரிவெட் என்ற ஆணி அடித்து இணைப்பதை விட்டு வெல்டிங்குக்கு மாறி, பிளாக்குகளைத் தனியாகக் கட்டி இணைத்தார்கள். 1942இல் ராபர்ட் இ. பியரி என்ற கப்பல் ஐந்து நாள்கூட ஆகாமல் தண்ணீரில் இறங்கியது. ரிவெட்காரர்களின் தேவை குறைந்துபோனது, புதிதாக வந்த வெல்டர்களுக்கு வேலை கிடைத்தது. கூடவே விரிசலும் வந்தது. குளிர்ந்த கடலில் அந்தக் கால உருக்கு கண்ணாடி போல உடைந்தது, சரக்கறை வாயின் கூரான மூலைகளிலிருந்து பிளவு கிளம்பி, ரிவெட் மூட்டு எதுவும் தடுக்காததால் வளைந்தோடியது, சில கப்பல்கள் இரண்டாகவே பிளந்தன. வேகம் கூடும் ஒவ்வொரு முறையும் மூட்டைப் பார்த்து நல்லது கெட்டது சொல்லத் தெரிந்தவருக்கு மதிப்பு கூடுகிறது.

எனவே சாய்வான குழாயை வெல்டிங் செய்யும் 6ஜி சான்றிதழ் இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள். அப்புறம் மூட்டை உடைக்காமலே மீயொலி, எக்ஸ்ரே சோதனை செய்யும் என்டிடி பயிற்சியில் முதல் இரண்டு நிலை. ரோபோ வருகிற அன்று அதற்கு அளவு கொடுத்து ஓட்டும் ஆளாக யாரைப் போடுவது என்று மேற்பார்வையாளர் தேடுவார், அந்த இடத்தில் நீங்களே கையைத் தூக்குங்கள். கம்ப்யூட்டர் தெரிந்து வெல்டிங் தெரியாதவரை விட உங்களுக்கு அது சீக்கிரம் வரும். தளங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: 2015க்குப் பிந்தைய சரிவில் கொரியத் தளங்கள் பாதிக்கு மேற்பட்ட தொழிலாளர்களை இழந்தன, ஆர்டர் திரும்பி வந்தபோது அனுபவக் கைகள் கிடைக்காமல் வெளிநாட்டு ஆட்களைத் தேடி ஓட வேண்டியிருந்தது.

கேள்வி: பாய்மரம் திரும்பி வருகிறது என்பது விளம்பரமா, உண்மையா?

பதில்: உண்மைதான், ஆனால் துணைக்கு மட்டும். 2023இல் பிக்ஸிஸ் ஓஷன் என்ற சரக்குக் கப்பலில் 37.5 மீட்டர் உயரமான இரண்டு விறைப்பான இறக்கைகளைப் பொருத்தினார்கள், ஆறு மாத ஓட்டத்தில் சராசரியாக நாளுக்கு 3 டன் எரிபொருள் மிச்சமானதாக அறிவித்தார்கள். சுழலும் உருளையைக் கொண்டு காற்றைப் பிடிக்கும் முறையை ஆன்டன் ஃப்ளெட்னர் 1924லேயே பக்காவ் என்ற கப்பலில் செய்து காட்டினார், மலிவான எண்ணெய் அதை மூலையில் தள்ளிவிட்டது. மேல்தளம் காலியாக இருக்கும் டேங்கர், தாதுக் கப்பல்களுக்குப் பொருந்தும். மேலே பெட்டி அடுக்கும் கண்டெய்னர் கப்பலில் இடம் ஏது?

கேள்வி: முப்பரிமாண அச்சில் முழுக் கப்பலையே அச்சடிக்க முடியுமா?

பதில்: கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இல்லை. பாகங்களை அச்சடிக்கலாம். 2017இல் ராட்டர்டாமில் வெல்டிங் கம்பியை அடுக்கடுக்காகப் படிய வைத்து 1.35 மீட்டர் விட்டமுள்ள புரொப்பெல்லர் செய்து, கப்பல்களின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் கிளாஸ் நிறுவனத்தின் ஒப்புதலும் வாங்கிவிட்டார்கள். நடுக்கடலிலோ தூரத்துத் துறைமுகத்திலோ உடைந்த பாகத்துக்காகக் காத்திருக்கும் கப்பலுக்கு இது பெரிய உதவி.

கேள்வி: ஆள் இல்லாத கப்பல்?

பதில்: நார்வேயின் யாரா பிர்க்லாண்ட் மின்சாரத்தில் ஓடும் 120 பெட்டிக் கப்பல், 2022இல் சேவைக்கு வந்தது, பணியாளர்களை ஏற்றிக்கொண்டுதான் தொடங்கியது. ஓஸ்லோ ஃபியோர்டு என்ற நீண்ட குறுகிய கடற்பகுதியில் லாரி டிரெய்லர்களை ஏற்றிச் செல்லும் 67 மீட்டர் மின்கலக் கப்பல்கள் இரண்டை நார்வேயின் ஆஸ்கோ நிறுவனத்துக்குக் கட்டிக் கொடுத்தது நம் கொச்சி தளம். குறுகிய, நிலையான வழித்தடத்தில் இது வரும். பெருங்கடலில், இன்ஜின் கோளாறானால் பார்க்க ஆள் வேண்டும்.

கேள்வி: வணக்கம் ஐயா. கொழும்பில் இருந்து எழுதுறன். சீனா, கொரியா மாதிரிப் பெரிய தளங்களோடு எங்கட சின்னத் தளம் எப்பிடிப் போட்டி போட ஏலும்?

பதில்: அவர்கள் கட்டும் கப்பலில் போட்டி போடவே வேண்டாம். உங்கள் ஊர் டொக்யார்ட் ஜப்பானின் கேடிடிஐ குழுமத்துக்கு 2019இல் கடலடிக் கேபிள் பதிக்கும் கப்பல் கட்டிக் கொடுத்தது, பிறகு பிரான்சின் ஆரஞ்ச் நிறுவனத்துக்கும் ஒன்று. கேபிள் கப்பலில் உருக்கு குறைவு, கேபிள் தொட்டி, அலையிலும் ஒரே புள்ளியில் நிற்க வைக்கும் கட்டுப்பாடு, நுணுக்கமான பொருத்து வேலை அதிகம். பெரிய தளங்களுக்கு இப்படி ஒற்றைக் கப்பலில் நேரம் செலவழிக்க மனம் வராது. 2025இல் மும்பையின் மசகான் டாக் அங்கே பெரும்பான்மைப் பங்கு வாங்க முன்வந்தது, அந்தப் பணம் இந்தத் திறமையை வளர்க்கப் போக வேண்டும் என்பது என் விருப்பம்.

ஐரோப்பா இந்த வழியில்தான் பிழைத்தது. சுவீடனின் மால்மோவில் இருந்த 138 மீட்டர் உயர கொக்கும்ஸ் கிரேன் 2002இல் ஒரு டாலருக்கு உல்சானுக்குப் போய்விட்டது. ஆனால் இத்தாலியும் ஜெர்மனியும் உல்லாசக் கப்பலைப் பிடித்துக்கொண்டன. அதிலும் ஆபத்து உண்டு: விலையின் பெரும்பங்கு கப்பலை ஒப்படைக்கும்போதுதான் கிடைக்கும், நடுவில் உருக்கு விலை ஏறினால் தளத்தின் கழுத்தில் கத்தி. பாப்பன்பர்க்கின் மேயர் தளத்தை 2024இல் ஜெர்மன் அரசே பெரும்பங்கு எடுத்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது. ஆகவே சிறப்புக் கப்பலோடு பழுதுபார்க்கும் வேலையையும் விட்டுவிடாதீர்கள், மாதாமாதம் கையில் காசு வருவது அதில்தான்.

கேள்வி: மகள் பன்னிரண்டாம் வகுப்பு. கப்பல் வடிவமைப்பு படிக்க ஆசைப்படுகிறாள். எங்கே சேர்க்கலாம்?

பதில்: தாராளமாகச் சேருங்கள். சென்னை ஐஐடியின் கடல் பொறியியல் துறை, ஐஐடி கரக்பூர், கொச்சிப் பல்கலைக்கழகத்தின் கப்பல் தொழில்நுட்பத் துறை, இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் விசாகப்பட்டினம் வளாகம் ஆகியவற்றில் பாருங்கள். எங்கே சேர்ந்தாலும் விடுமுறையில் ஏதாவது ஒரு தளத்தில் பயிற்சிக்கு அனுப்புங்கள். காட்டுப்பள்ளி கப்பல் தளம் சென்னைக்குப் பக்கம்தான். தான் வரைந்த மூட்டுக்குள் ஒரு வெல்டர் உடம்பை நுழைக்க முடியுமா என்று நேரில் பார்த்துத் தெரிந்துகொண்ட பெண், முதல் வேலையிலேயே மற்றவர்களை விட நல்ல வரைபடம் போடுவாள்.