லாரி கவிழ்ந்தது, காப்பீடு வந்தது: வழக்கு இனி யாருடையது?

கேள்வி: கருங்கல் அருகே சிறிய முந்திரி ஆலை (ஊர் வழக்கில் அண்டி ஆபீஸ்) நடத்துகிறேன். மதுரைக்கு லாரியில் அனுப்பிய 6 லட்சம் ரூபாய்ப் பருப்பு, ஆரல்வாய்மொழிப் பக்கம் லாரி கவிழ்ந்து, மழையில் நனைந்து முழுவதும் வீணாகிவிட்டது. ஓட்டுநரின் கவனக்குறைவே காரணம். 4 லட்சத்துக்குத்தான் காப்பீடு செய்திருந்தேன். அதைத் தருவதற்குக் காப்பீட்டு நிறுவனம் ‘சப்ரோகேஷன் கடிதம்’ எழுதிக் கேட்கிறது. லாரி நிறுவனத்தாரோ 50,000 ரூபாய் பெற்றுக்கொண்டு, ‘இனி பாக்கி எதுவும் இல்லை’ என்று கையெழுத்திடச் சொல்கிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில், அந்த 50,000 ரூபாய்க்காகக் கையெழுத்துப் போடாதீர்கள். காரணத்தை விளக்குகிறேன்.

சப்ரோகேஷன் என்பதைத் தமிழில் பதிலுரிமை எனலாம். உங்கள் பொருளுக்கு நேர்ந்த நட்டத்தை ஈடு செய்தவர், நட்டத்துக்குக் காரணமானவர் மீது உங்களுக்கு இருந்த உரிமையை, தாம் கொடுத்த தொகை அளவுக்கு, உங்கள் இடத்தில் நின்று கேட்பதே அது. காப்பீடு என்பது இழந்ததை ஈடுகட்டுவதற்கே அன்றி ஆதாயம் தேடுவதற்கு அல்ல என்ற நியாயத்திலிருந்து இது பிறந்தது. 1883இல் தீர்ப்பான ஓர் ஆங்கில வழக்கு இதற்கு நல்ல சான்று. விற்க ஒப்பந்தம் செய்திருந்த வீட்டின் ஒரு பகுதி தீயில் எரிந்ததற்காக உரிமையாளர் காப்பீட்டு நிறுவனத்திடம் 330 பவுண்டு பெற்றார்; பின்னர், வாங்கியவரிடமிருந்து பேசிய விலையும் முழுதாக வந்து சேர்ந்தது. ஒரே நட்டத்துக்கு இரு முறை பணம் பெறக்கூடாது என்று கூறி, காப்பீட்டுத் தொகையைத் திருப்பித் தரச் செய்தது நீதிமன்றம்.

இந்த உரிமை கடிதத்தால் உண்டாவதன்று. ஈட்டுறுதிக் காப்பீட்டோடு (அதாவது, நேர்ந்த நட்டத்தை ஈடுகட்டும் காப்பீட்டோடு) கூடவே பிறப்பது. 1963ஆம் ஆண்டுக் கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தின் 79ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. (ஆயுள் காப்பீட்டுக்கு இது பொருந்தாது, உயிருக்கு ஈடு என்று ஒரு தொகையை யாரால் அளக்க முடியும்?) பிறகு கடிதத்தைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்றால், உரிமையின் எல்லையை அது மாற்றிவிடக்கூடும். லாரியில் சென்ற பருத்தி நூல் சேதமடைந்த ஒரு வழக்கில், 2010இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாக்கியது. வெறும் பதிலுரிமை என்றால் வழக்கு உங்கள் பெயரில்தான் நடக்கும். காப்பீட்டு நிறுவனம் தான் கொடுத்ததை மட்டுமே எடுத்துக்கொள்ளும். அத்துடன் ‘உரிமையை முழுவதுமாக ஒப்படைக்கிறேன்’ என்றும் எழுதிக் கொடுத்தால், நிறுவனம் தன் பெயரிலேயே வழக்குத் தொடுத்து, கிடைப்பது அனைத்தையும் தானே வைத்துக்கொள்ள வழி ஏற்படும்.

உங்கள் நிலையில் இந்த வேறுபாட்டின் மதிப்பு 2 லட்சம் ரூபாய். லாரி நிறுவனத்திடமிருந்து 6 லட்சமும் கிடைத்தால், பதிலுரிமைப்படி 4 லட்சம் காப்பீட்டு நிறுவனத்துக்கு, மீதி 2 லட்சம் உங்களுக்கு. குறைவாக வந்தால் யாருக்கு முதலில் என்பதைக் கடிதத்தின் வாசகமே தீர்மானிக்கக்கூடும் என்பதால், காப்பீடு செய்யாத பகுதிக்கான உரிமை உங்களிடமே இருக்கும் என்றும், வசூலில் அந்தப் பகுதி முதலில் உங்களுக்குச் சேரும் என்றும் எழுதச் சொல்லுங்கள். கோடிட்ட இடங்களை நிரப்பாத அச்சுத்தாளில் தயவுசெய்து கையெழுத்திடாதீர்கள். என் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பலர் அதைச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

லாரி நிறுவனத்துக்கு ‘பாக்கி இல்லை’ என்று நீங்கள் எழுதித் தந்தால், உங்கள் உரிமையோடு காப்பீட்டு நிறுவனத்தின் உரிமையும் அழிந்து, நிறுவனம் அந்த நட்டத்தை உங்களிடமே கேட்கலாம். மாறாக, 2007ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் லாரி நிறுவனத்துக்கு எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுங்கள். விபத்து நாளிலிருந்து எண்ணிவிட வேண்டாம். காப்பீட்டுப் பணம் வரட்டும் என்று காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிட்டால், உங்கள் இடத்தில் நிற்க வருபவருக்கும் நிற்க இடம் இராது.

கேள்வி: அண்ணனின் கடனுக்கு ஜாமீன் நின்றேன். அவர் கட்டாததால் பாக்கி முழுவதையும் சங்கத்தில் நானே கட்டினேன். அவர் அடமானம் வைத்த நிலத்தின் மீது எனக்கு உரிமை உண்டா? (வாசகி, தக்கலை)

பதில்: உண்டு, அம்மா. இதுவும் அதே பதிலுரிமைதான். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 140, 141ஆம் பிரிவுகளின்படி, கடனை அடைத்த ஜாமீன்தாரர் கடன் கொடுத்தவரின் இடத்துக்கு வருகிறார். நீங்கள் ஜாமீன் கையெழுத்திட்டபோது சங்கத்திடம் இருந்த ஈடுகளின் பலன், அவற்றைப் பற்றி நீங்கள் அறிந்திருக்காவிட்டாலும், உங்களைச் சேரும். நிலம் உங்களுடையதாகிவிடாது, கட்டிய தொகையை அதிலிருந்து வசூலிக்கும் உரிமை வரும். அடமானக் கடன் முழுவதும் தீர்ந்திருக்க வேண்டும் என்பது சொத்து மாற்றுச் சட்டத்தின் 92ஆம் பிரிவு. நீங்கள் முழுவதும் கட்டியிருக்கிறீர்கள். ஆகவே, ‘ஜாமீன்தாரர் என்ற முறையில் கட்டியது’ என்று குறித்த ரசீதைச் சங்கத்திடம் கேட்டு வாங்குங்கள். அடமானப் பத்திரத்தை உங்களைக் கேட்காமல் அண்ணனிடம் திருப்பித் தரக்கூடாது என்றும் இன்றே எழுதிக் கொடுங்கள்.