வாசகர் கேள்வி – பதில்: பணி ஓய்வுக்குப் பின் ஓர் ஊழியம்

கேள்வி: அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டியை அடுத்த ஊரில் மகள் வீட்டில் தங்கியிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவரும் அவர் மனைவியும் அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள். அடுத்த மாதம் வீட்டைப் பூட்டிவிட்டு, 18 மாத காலம் சபை ஊழியத்துக்காக வெளிநாடு செல்கிறார்கள். இந்த வயதில் வீடு வீடாகச் சென்று பிரசங்கம் செய்ய முடியுமா? அன்றாடம் என்னதான் செய்வார்கள்?
– வாசகி, திருச்சி

பதில்: ஊரையும் 18 மாதக் கணக்கையும் வைத்துப் பார்த்தால், அவர்கள் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும். 1830ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய இந்தச் சபையினரை மற்றவர்கள் மார்மன்கள் என்று அழைப்பது வழக்கம். வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டையும் கறுப்புப் பெயர் வில்லையும் அணிந்து இருவர் இருவராகச் செல்லும் இளைஞர்களை உங்கள் தெருவிலேயே பார்த்திருப்பீர்கள். வீடு தேடிச் சென்று போதிப்பது முதன்மையாக அந்த இளைஞர்களின் பொறுப்பு. மூத்த தம்பதியருக்கு அந்தக் கட்டாயமும் இல்லை, இளைஞர்களுக்கு உள்ள கண்டிப்பான கால அட்டவணையும் இல்லை.

இவர்களுக்குக் கிடைக்கும் வேலைகள் பலவகை. சிலர் ஊழிய அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறார்கள். விசா விண்ணப்பங்களையும் தபாலையும் கவனிக்கிறார்கள். சிலர் ஆலயங்களில் பணிபுரிகிறார்கள். குடிநீர், சக்கர நாற்காலி போன்ற நிவாரணத் திட்டங்களை மேற்பார்வையிடுவோரும் உண்டு. உறுப்பினர்கள் குறைவாக உள்ள சிறிய கிளைச் சபைக்கு அனுப்பப்படுகிறவர்கள், ஞாயிறு ஆராதனையில் உடனிருந்து, வராமல் நின்றுபோனவர்களை வீட்டில் சென்று பார்த்து, ஊதியமின்றிப் பொறுப்பேற்றிருக்கும் உள்ளூர்த் தலைவர்களுக்குத் துணை நிற்கிறார்கள்.

இளம் ஊழியர்கள் தங்கியிருக்கும் வாடகை வீடுகளைப் பார்த்து வருவதும் பல தம்பதியரிடம் ஒப்படைக்கப்படுகிறது. பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள் இருவரோ நால்வரோ தாங்களே சமைத்து வாழும் வீடு எப்படி இருக்கும் என்பதைப் பிள்ளை வளர்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அம்மையார் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து கெட்டுப்போனதை வெளியே எடுத்து வைப்பார். அடுப்பின் பின்புறம் படிந்த எண்ணெய்ப் பிசுக்கையும் குளியலறைச் சுவரின் பூஞ்சையையும் காட்டித் துடைக்கச் சொல்வார். பெரியவர் புகை எச்சரிக்கைக் கருவியின் பொத்தானை அழுத்தி, அது ஒலிக்கிறதா என்று பார்ப்பார். வேலை முடிந்ததும், வீட்டில் செய்து எடுத்து வந்த ரொட்டியை மேசையில் வைத்து, சாப்பிடுகிறார்களா, இருமல் எத்தனை நாளாக இருக்கிறது, ஊரிலிருந்து அம்மா பேசினாரா என்று ஒவ்வொன்றாக விசாரிப்பார்கள். வீட்டை விட்டு முதன்முறையாகப் பிரிந்து வந்திருக்கும் பிள்ளைக்கு அந்த அரைமணி நேர விசாரிப்பு எவ்வளவு பெரிய ஆறுதல்! பிரசங்கத்தை விட இது சிறிய ஊழியம் என்று யாரும் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆவணப் பணியையும் குறிப்பிட வேண்டும். மூதாதையரின் பெயர்களைத் தேடித் தொகுப்பது இச்சபையினருக்குச் சமயக் கடமை. அதற்காக 1938 முதல் பல நாடுகளின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை நுண்படச் (மைக்ரோஃபிலிம்) சுருள்களில் பதிவு செய்து வந்தார்கள். அப்படிச் சேர்ந்த சுமார் 24 லட்சம் சுருள்களையும் கணினி வடிவுக்கு மாற்றும் பணி 2021இல் நிறைவுற்றது. ஆவணக் காப்பகங்களில் புதிதாகப் படமெடுக்கும் வேலைக்கு இன்றும் மூத்த தம்பதியர் செல்கிறார்கள். ஒருவர் பழைய ஏட்டின் பக்கத்தைக் கிழியாமல் திருப்பி, மடிப்பை நீவி, கேமராவின் அடியில் நேராக வைக்க, மற்றவர் திரையில் எழுத்து தெளிவாக விழுந்திருக்கிறதா என்று சரிபார்க்கிறார். பிறகு அடுத்த பக்கம். நாள் முழுவதும் இதே வேலைதான் என்பதால் மிகுந்த பொறுமை வேண்டும்.

கேள்வி: இதற்குச் சம்பளம் உண்டா? எந்த நாட்டுக்குப் போவது என்பதை அவர்களே முடிவு செய்கிறார்களா?

பதில்: சம்பளம் கிடையாது. உணவு, வாடகை உள்ளிட்ட செலவுகளைத் தங்கள் ஓய்வூதியத்திலிருந்தும் சேமிப்பிலிருந்தும் பார்த்துக்கொள்கிறார்கள். தம்பதியரின் குடியிருப்புச் செலவுக்கு மாதம் 1,400 டாலர் என்று 2011இல் உச்சவரம்பு வகுக்கப்பட்டு, மிகுந்ததைச் சபை ஏற்கும் என்று அறிவிக்கப்பட்டது. மருத்துவச் சான்றுடன் விண்ணப்பிக்கும்போது, செய்ய விரும்பும் பணியையும் இடத்தையும் தெரிவிக்கலாம்; முடிவு சபைத் தலைமையுடையது. ஊழியக் காலம் பொதுவாக 6 மாதம் முதல் 23 மாதம் வரை இருக்கலாம்.

கேள்வி: இரவும் பகலும் இருவரும் சேர்ந்தே இருப்பது அலுக்காதா? பேரப்பிள்ளைகளை எப்படிப் பிரிந்திருக்கிறார்கள்?

பதில்: இரண்டுமே சிரமம்தான். நாற்பது ஆண்டுகள் காலையில் வேலைக்குச் சென்று மாலையில் திரும்பிய கணவரும், வீட்டைத் தன் போக்கில் நடத்திய மனைவியும், அறிமுகமில்லாத ஊரின் இரண்டறை வீட்டில் தங்கி, ஒரே காரில் போய், ஒரே மேசையில் வேலை பார்க்க வேண்டியிருக்கிறது. வழி தெரியாமல் சுற்றுவதில் தொடங்கி, அடுத்த வீட்டாரின் மொழி புரியாமல் விழிப்பது வரை, மனத்தாங்கலுக்குக் காரணம் தேட வேண்டியதே இல்லை. ஆனால் அங்கே பேச்சுத்துணைக்கு வேறு ஆள் இல்லை என்பதால், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நெடுநேரம் இருக்கவும் முடியாது. வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் தம்பதியர் இதை எளிதாகக் கடக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

பேரப்பிள்ளைகளின் பிரிவுக்கு முழுமையான மருந்து இல்லை. வீடியோ அழைப்பில் பிள்ளைகளுடன் தாராளமாகப் பேசலாம். முக்கியமான குடும்ப நிகழ்வு என்றால், அனுமதி பெற்றுச் சொந்தச் செலவில் சில நாள்கள் ஊருக்கு வந்து போகவும் இடமுண்டு. ஆனாலும் அவர்கள் இல்லாத நேரத்தில் ஒரு பேரக்குழந்தை பிறக்கலாம், ஒரு நெருங்கிய உறவினர் காலமாகலாம். அதை அறிந்தே புறப்படுகிறார்கள் என்பதனால்தான் அவர்கள் மீது எனக்கு மரியாதை கூடுகிறது.

கேள்வி: வழியனுப்பும்போது நம் ஊர் டீத்தூளும் காபித்தூளும் பரிசாகக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். டீ, காபி, மது, புகையிலை ஆகிய நான்கையும் விலக்குவது அச்சபையின் நெறி. முறுக்கோ மைசூர்பாகோ செய்து ஒரு வேளை விருந்தாகக் கொடுங்கள். அதற்கு முன், அந்த நாள் மாதத்தின் முதல் ஞாயிறாக இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், அன்று அவர்கள் உபவாசம் இருப்பது வழக்கம். பெட்டியின் எடை கூடும் பொருள் எதுவும் வேண்டாம். உங்கள் மகளும் மருமகனும் பூட்டிய வீட்டின் தபாலை எடுத்து வைப்பதாகவும், பனிக்காலத்தில் வாசல் நடைபாதையின் பனியை அள்ளிப் போடுவதாகவும் சொன்னால், அவர்கள் மிகவும் மகிழ்வார்கள்.