போர்டில் உட்கார்ந்திருப்பது யார்? (கேள்வி பதில்)

கே: ஒரு கம்பெனியின் போர்டில் (இயக்குநர் குழுவில்) இருப்பவர்களின் பின்னணியை எங்கே பார்ப்பது?

ப: ஆண்டறிக்கையின் கார்ப்பரேட் கவர்னன்ஸ் (நிர்வாக நெறிமுறை) பகுதியில். யாரிடம் என்ன திறன் என்று பெயர்வாரியாக அட்டவணை போட வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் செபியின் விதி. எல்லாருக்கும் எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தால் அந்த அட்டவணையை ஒதுக்கிவிட்டு பயோடேட்டாவைப் படியுங்கள்.

கே: இன்ஜினியர்கள் நிறைந்த போர்டு என்றால் லாபம் கூடுமா?

ப: அளந்து பாருங்கள். ஒருவர் சேர்வதற்கு முன் 3 வருடம், பின் 3 வருடம் ஆர்ஓசிஇ (போட்ட மூலதனத்துக்கு எத்தனை சதவீதம் லாபம்) எடுங்கள். ஒவ்வொரு வருடத்திலும் அதே தொழிலில் உள்ள ஏழெட்டுக் கம்பெனிகளின் மீடியனை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணை) கழியுங்கள். சராசரி வேண்டாம், படுநஷ்டக் கம்பெனி ஒன்று இருந்தாலே கணக்கு கோணும். 2021-இல் ஸ்டீல் விலை ஏறியபோது போர்டில் யார் இருந்தாலும் லாபம் வந்திருக்கும். கழித்தபின் மிஞ்சுவதைத்தான் பேசலாம். அதிலும் ஒரு பொறி: கம்பெனி படுத்த பிறகுதான் பெரும்பாலும் புது ஆளைக் கொண்டுவருவார்கள். கம்பெனி தானாகவே நிமிர்ந்திருந்தாலும் அந்தப் பெருமை அவர் கணக்கில் ஏறிவிடும்.

கே: ரிட்டயர்டு ஐஏஎஸ் இருக்கும் மின் கம்பெனிகளில் லாபம் நிலையாக இருக்கிறதே?

ப: கட்டணத்தை மின் ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கும் தொழில் அது. அனுமதி, ஆணையம் என்று அலையும் தொழில்தான் அவர்களைத் தேடிப்பிடிக்கிறது. காரணத்தைத் தலைகீழாகப் படிக்காதீர்கள்.

கே: மருந்துக் கம்பெனியில் டாக்டர்கள் இருந்தால்?

ப: மேலே சொன்னதுதான். மீடியனைக் கழியுங்கள்.

கே: பின்னணி முக்கியமில்லை என்றால் வங்கிச் சட்டம் ஏன் அதைக் கேட்கிறது?

ப: முக்கியமில்லை என்று எங்கே சொன்னேன்? 1949 வங்கி ஒழுங்குமுறைச் சட்டம், பிரிவு 10ஏ: போர்டில் 51 சதவீதத்துக்குக் குறையாதவர்களுக்கு கணக்கியல், வங்கி, சட்டம், வேளாண்மை போன்றவற்றில் தனி அறிவோ அனுபவமோ வேண்டும். அது தகுதிக்கான வாசல், லாபத்துக்கான உத்தரவாதமல்ல. அந்த வாசல் இருந்தும் 2020 மார்ச்சில் யெஸ் வங்கியின் போர்டை ரிசர்வ் வங்கி கலைத்தது.

கே: அப்படியானால் பெரிய படிப்பெல்லாம் வீண் என்கிறீர்கள்!

ப: சத்யம் என்ற ஐடி கம்பெனியின் அன்றைய போர்டைப் பாருங்கள். ஹார்வர்டு பேராசிரியர், ஹைதராபாத் ஐஎஸ்பி மேலாண்மைக் கல்லூரியின் டீன், முன்னாள் கேபினட் செயலர், பென்டியம் சிப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். 2008 டிசம்பர் 16-இல் தலைவர் குடும்பத்தின் மேடாஸ் கம்பெனிகளை சுமார் 160 கோடி டாலருக்கு வாங்க அந்த போர்டு ஒப்புதல் தந்தது. முதலீட்டாளர்கள் கொதித்ததும் அடுத்த நாளே கைவிட்டார்கள். 2009 ஜனவரி 7-இல் சத்யத்தின் கணக்கு மோசடி வெளிவந்தது. படிப்பில் குறையில்லை. தலைவரின் சொந்தக்காரர் கம்பெனி என்றால் வேண்டாம் என்று சொல்ல ஆள் வேண்டும். அதற்கு டிகிரி போதாது.

கே: ஐடி கம்பெனிக்கும் இதே கணக்கா?

ப: மீடியன், மீடியன், மீடியன்.

கே: எந்த ஷேர் வாங்கலாம்?

ப: அதற்கு ஆள் நானில்லை.