குடல்ல இருக்க கிருமிங்க ஏன் பெருங்குடல்லயே கூட்டமா கெடக்கு?

சாப்பாடு முதல்ல போறது சிறுகுடலுக்கு, அப்போ கிருமி அங்கதானே அதிகமா இருக்கணும்னு நிறைய பேருக்கு டவுட்டு. குடல் கிருமின்னா நம்ம குடலுக்குள்ளயே நிரந்தரமா குடியிருக்க கண்ணுக்குத் தெரியாத உயிருங்க, பெரும்பாலும் பாக்டீரியா. சிறுகுடல் சுமார் 6 மீட்டர், ஆனா அங்க எல்லாம் சில மணி நேரத்துல வேகமா நகந்துரும், போதாக்குறைக்கு வயித்து ஆசிட்டும் பித்தநீரும் வேற. பெருங்குடல் 1.5 மீட்டர்தான், ஆனா ஒரு நாளோ அதுக்கு மேலயோ தங்கும். பேச்சிப்பாறை அணை சானல்ல (கால்வாய்ல) ஓடுற தண்ணில தாமரை நிக்காது, அதே தண்ணி குளத்துல போய் தேங்குனா இலை மூடிக் கெடக்கும்லா, அது மாதிரிதான்.

அங்க அதுங்களுக்கு சாப்பாடு நம்மளால செரிக்க முடியாத மிச்சம், அதாவது கீரை, பயறு நாரு, அவிச்சு ஆறுன மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு), பழங்கஞ்சில செரிக்காம தப்புற கொஞ்சம் மாவு. அத புளிக்க வச்சு சின்னச் சின்ன கொழுப்பு அமிலமா மாத்தும், அதுல ஒண்ணுதான் பெருங்குடல் சுவரு செல்லுக்கே முக்கிய தீனி (நாம போட்ட மிச்சத்துல நமக்கே சோறு!). கூடவே கொஞ்சம் வைட்டமின் கே. கேஸும் இதுல வர்றதுதான், மரச்சீனிய மட்டும் திட்டாதீங்க.

அப்புறம், குடல் சுவத்துல வருசக்கணக்கா அழுக்கு ஒட்டியிருக்கு, பேதிக்கு குடிச்சு கழுவணும்னு சொல்றது தப்பு, அந்தச் சுவரோட மேல் செல்லு சில நாளுக்கு ஒருக்கா தானே உதிர்ந்து புதுசா வந்துரும்.